என்ன வேண்டும் என்று கேட்டார்கள், அவர் சொல்லிவிட்டார்

பணியில் சேர்ந்த முதல் ஆண்டிலேயே உங்களைப் பயிற்சிகளுக்கு அனுப்பத் தொடங்குவார்கள். பயப்பட வேண்டாம். எதுவும் ஒட்டாது. காலையில் ஒரு கோப்புறை கொடுப்பார்கள், மாலையில் ஒரு சான்றிதழ் கொடுப்பார்கள், நடுவில் சமோசா வரும். சமோசா மட்டும்தான் உள்ளே போகும்.

நான் கணிதம் கற்பித்தவள். தாம்பரம் பக்கத்தில் கல்லூரியாகப் பிறந்து பல்கலைக்கழகமாகப் பருத்துவிட்ட ஒரு நிறுவனத்தில், பணிக்காலத்தின் பின்பாதியில் ஆசிரியர் மேம்பாட்டுக்குப் பொறுப்பாளராக இருந்தேன். அதாவது, ஆசிரியர்களுக்கு என்ன பயிற்சி தேவை என்று கண்டுபிடித்து, அதைத் தவிர மற்றதையெல்லாம் ஏற்பாடு செய்வது என் வேலை. பொன்னாடையை யார் போர்த்துவது, குழுப் புகைப்படத்தில் யார் உட்காருவது, யார் நிற்பது, இணையவழிப் பயிற்சியில் கேமராவை அணைத்துவிட்டுக் கீரை ஆய்பவருக்கு வருகைப்பதிவு உண்டா இல்லையா, எல்லா விதிகளும் எனக்குத் தெரியும். பாதி நானே எழுதியவை.

நீங்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. பல்கலைக்கழக ஆசிரியரிடம் என்ன பயிற்சி வேண்டும் என்று கேட்டால், தனக்கு ஏற்கெனவே தெரிந்ததைத்தான் சொல்வார். செயற்கை நுண்ணறிவில் கட்டுரை எழுதியவர் செயற்கை நுண்ணறிவில் பயிற்சி கேட்பார். ஆராய்ச்சி முறையியலுக்குப் புத்தகம் போட்டவர் ஆராய்ச்சி முறையியல் கேட்பார். காரணம் எளிது. ஒன்று தேவை என்று சொன்னால் அது தெரியாது என்று பொருள். தெரியாது என்று சொல்வதற்காகவா இத்தனை பட்டம் வாங்கினோம்? எனவே, எனக்குப் பாடம் நடத்தக் கற்றுக்கொடுங்கள் என்று என் காலத்தில் யாரும் கேட்டதில்லை.

ஒருவரைத் தவிர. அவர் மைக்கில் கேட்டார்.

அன்று மாணவர் மையக் கற்பித்தல் பற்றிய ஒருநாள் பயிலரங்கம். மாணவர் மையம் என்பதால் மாணவர்களுக்கு விடுமுறை விட்டிருந்தோம். வெளியிலிருந்து வந்த சிறப்பு விருந்தினர், ஆசிரியர் ஓயாமல் பேசக் கூடாது என்று காலையிலிருந்து மாலைவரை ஓயாமல் பேசினார். முடிவில், எல்லா விருந்தினர்களும் கேட்பதைக் கேட்டார்: "சொல்லுங்க, உங்களுக்கு இன்னும் என்ன வேணும்?"

இதற்கு ஒரு பதில் வழக்கத்தில் உண்டு. மூத்த பேராசிரியர் ஒருவர் எழுந்து, இதுபோல் இன்னும் பல நிகழ்ச்சிகள் வேண்டும் என்பார். கைதட்டல். நாட்டுப்பண். கலைந்துபோய் மின்சார ரயிலைப் பிடிக்கலாம். அன்று மூத்தவர் மைக்குக்குக் கை நீட்டுவதற்குள் பின்வரிசையிலிருந்து ஷமீமா எழுந்து அதை வாங்கிவிட்டார்.

ஷமீமா மின்னியல் துறை. மென்பொருள் நிறுவன வேலையை விட்டுவிட்டுக் கற்பிக்க வந்தவர். தகுதிகாண் பருவம் அந்த செமஸ்டரோடு முடிகிறது. அதற்குப் பிறகு ஒன்று பணியை உறுதி செய்வார்கள், இல்லாவிட்டால் அனுப்பிவிடுவார்கள். அந்த நிலையில் இருப்பவர்கள் பொதுவாக மைக் இருக்கும் திசையிலேயே உட்கார மாட்டார்கள்.

"சார், என் கிளாஸ்ல பாதி நேரத்துக்கு மேல யாரும் கேக்கறதில்ல. தூங்கறாங்க, இல்லன்னா ஜன்னலைப் பாக்கறாங்க. சப்ஜெக்ட் எனக்குத் தெரியும். அதைப் பாடமா எடுக்கத் தெரியல. முயற்சி பண்ணிப் பாத்துட்டேன். யாராவது சொல்லித் தரணும் சார்."

இந்தக் கேள்விக்கு உண்மையான பதில் வந்து விருந்தினருக்குப் பழக்கமில்லை. "வெரி குட் அப்சர்வேஷன்" என்று சொல்லிவிட்டு டீனைப் பார்த்தார். டீன் என்னைப் பார்த்தார். நான் ஒலிபெருக்கிக்காரரைப் பார்த்தேன். நாட்டுப்பண் ஒலித்தது. எல்லோரும் எழுந்து நின்றதால், ஷமீமா தனியாக நின்றுகொண்டிருந்தது தெரியாமல் போயிற்று.

ஆனால் அது அந்தச் சில நொடிகளுக்குத்தான். மறுநாள் ஆசிரியர் அறைகளில் வேறு பேச்சில்லை. காலம் காலமாகப் பாடம் நடத்தத் தெரியாமலேயே பதவி உயர்வு பெற்றவர்கள்தான் அதிகம் புண்பட்டிருந்தார்கள். துறையின் மானம் போயிற்று என்றார்கள். இரண்டு நாளில் துறைத் தலைவர் ஷமீமாவைக் கூப்பிட்டு, கன்ஃபர்மேஷன் கஷ்டம், வேறு இடம் பார்த்துக்கொள்வது நல்லது என்று தன்மையாகச் சொல்லிவிட்டார். தன்மையாகச் சொல்வதில் அவர் பெயர்பெற்றவர்.

ஷமீமா என் அறைக்கு வந்தார். கூடவே சரவணனும் வந்தார். இருவரும் ஒரே நாளில் பணியில் சேர்ந்தவர்கள். சரவணன் இயந்திரவியல், முடிச்சூர்க்காரர். அவர்கள் வயல் இப்போது அடுக்குமாடியாக நிற்கிறது.

"ஏம்மா, அதைப் போய் மைக்ல சொல்லணுமா?" என்றேன்.

"அவர் கேட்டார் மேடம்."

"கேட்டா சொல்லிடறதா? அது கேள்வி இல்லம்மா, நன்றியுரைக்கு முன்னாடி வர்ற சடங்கு."

"குரோம்பேட்டையில எங்க அத்தா துணிக்கடை வெச்சிருக்காரு மேடம். அங்க என்ன வேணும்னு கேட்டா, என்ன வேணும்னுதான் அர்த்தம்."

நாற்காலிகளைக் காட்டி இருவரையும் உட்காரச் சொன்னேன்.

அவருடைய நிலைமை எனக்குத் தெரியும். பழைய வேலையை விட்டபோதே வீட்டில் வேண்டாம் என்றிருக்கிறார்கள். ஓரிடத்தில் உறுதி செய்யாமல் அனுப்பப்பட்டவரை அடுத்த பல்கலைக்கழகம் எடுக்குமுன் முந்தைய இடத்துக்குத் தொலைபேசியில் பேசும். எதிர்முனையில் ஒரு நொடி மௌனம் போதும், கடிதம் கிடிதம் எதுவும் தேவையில்லை. கற்பிக்க வந்த பெண்ணின் கற்பிக்கும் வாழ்க்கை அந்த மௌனத்தில் முடிந்துவிடும்.

சரவணனிடம் ஒரு யோசனை இருந்தது. மாணவர்களின் கவனக்குறைவைப் பற்றித்தான் பேசினேன், தவறாகப் புரிந்துகொண்டார்கள் என்று டீனுக்கு ஒரு மெயில் போட்டுவிட வேண்டியது. பழியை மாணவர்கள் மேல் போட்டால் எந்தக் குழுவும் ஏற்றுக்கொள்ளும். உண்மையில் அது நல்ல யோசனை. நானே அதைத்தான் சொல்லியிருப்பேன்.

"உனக்கென்ன சரவணா, வேலை போனா வாடகை வருது," என்றார் ஷமீமா.

"மழை வந்தா கீழ்வீட்டுல தண்ணி பூந்துடும், வாடகைக்காரங்க எல்லாம் எங்க மாடியிலதான் குடித்தனம். அதையும் கணக்குல சேத்துக்க."

ஷமீமா சிரிக்கவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னார்: "சொன்னதை வாபஸ் வாங்கிட்டா, அப்புறம் யார்கிட்ட போய் மறுபடி கேக்கறது மேடம்?"

அதன் பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. ஒரு திருத்தம்: என் பதவி காரணமாக நானும் அந்த உறுதிப்பாட்டுக் குழுவில் உறுப்பினர் என்பதால், விதிப்படியும் சும்மா இருக்க முடியாது.

குழு என்றால் டீன், துறைத் தலைவர், நான். டீன் கெட்டவர் அல்ல. ஒரு காலத்தில் நல்ல ஆராய்ச்சியாளர். நிர்வாகத்துக்கு வந்த பிறகு வகுப்பறைகளைத் திறப்பு விழாக்களில் மட்டும் பார்த்துவந்தார். "அவங்களே பப்ளிக்கா ஒத்துக்கிட்டாங்களே மேடம், நாம என்ன பண்றது?" என்று உண்மையான வருத்தத்துடன் கேட்டார். துறைத் தலைவர் தன்மையாக ஆமோதித்தார்.

கற்பித்தலில் குறை என்று எழுதி ஒருவரை அனுப்ப வேண்டுமானால், குழு அவருடைய வகுப்பில் உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும். இது ரகசிய விதி ஒன்றுமில்லை, எல்லோருக்கும் தெரியும். பார்த்தோம் என்று எழுதுவது வழக்கம். பார்ப்பது வழக்கமில்லை. இந்த முறை பார்த்துவிடலாமே, நாளை அந்தப் பெண் கோர்ட்டுக்குப் போனால் கேட்பார்களே என்றேன். கோர்ட் என்ற சொல்லுக்கு எங்கள் வளாகத்தில் நல்ல மரியாதை உண்டு. எதிராளியைப் பணிய வைக்க அதை உரக்கச் சொல்ல வேண்டியதில்லை. கவலையோடு சொன்னால் போதும்.

வகுப்பை நான்தான் தேர்ந்தெடுத்தேன். முதலாம் ஆண்டு ஈ செக்ஷன், சாப்பாட்டுக்கு அடுத்த பீரியட். மொட்டைமாடிக்குக் கீழே இருக்கும் அறை. கடைசியாகச் சேர்க்கை முடிந்த பிரிவு. பெரும்பாக்கத்திலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் பஸ் மாறி மாறி வருகிறவர்கள், பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழில் படித்தவர்கள். மக்குப் பிள்ளைகள் அல்ல. ஆனால் வெயிலும் சாப்பாடும் ஆங்கிலமும் ஒன்றாகச் சேர்ந்தால் யாருக்கும் கண் சொருகும். ஷமீமாவுக்கு இதைவிட நல்ல வகுப்புகளும் இருந்தன. டீன் அவற்றைப் பார்த்துவிடக் கூடாது என்று நினைத்தேன்.

நாங்கள் மூவரும் கடைசி பெஞ்சுகளில் போய் உட்கார்ந்தோம். அந்த பெஞ்சுகள் டீன்களுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. அவர் முழங்கால்களை எங்கே வைப்பது என்று சிறிது நேரம் தேடினார். ஷமீமா நன்றாகவே தொடங்கினார். மின்சுற்று என்றால் என்ன என்பதற்கு வீட்டு வயரிங்கை உதாரணம் காட்டினார். பிள்ளைகள் கேட்டார்கள். பிறகு பலகைப் பக்கம் திரும்பிச் சமன்பாடுகளை வருவிக்கத் தொடங்கினார். ஒரு வரி, அடுத்த வரி, அதற்கடுத்த வரி. துறைத் தலைவர் மேசைக்கடியில் வாட்ஸப்பைத் திறந்தார். அவருக்கு முன்னால் இருந்த மாணவரும் அதே கோணத்தில் அதையே செய்துகொண்டிருந்தார். டீனின் தலை மெல்ல மெல்ல முன்னால் சாய்ந்தது, திடீரென்று நிமிர்ந்தது, மறுபடி சாய்ந்தது.

பக்கத்தில் இருந்த மாணவர் அவர் தோளை லேசாகத் தொட்டார். "அட்டெண்டன்ஸ் ஆயிப்போச்சு சார். நீங்க பாட்டுக்குத் தூங்கினு இருங்க. மேடம் இந்தாண்ட வந்தா நான் எழுப்பி வுடறேன்."

அந்தக் குரலில் கேலி துளியும் இல்லை. கடைசி பெஞ்சின் விருந்தோம்பல் அது. டீன் அதன் பிறகு தூங்கவில்லை. கேட்கவும் இல்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

டீனின் அறையில் தேநீர் வந்தது. துறைத் தலைவர்தான் முதலில் பேசினார். "அப்ப, அவங்க சொன்னது சரிதான். கிளாஸ் எடுபடல."

நூற்றுக்கு நூறு சரி என்று நானும் ஒத்துக்கொண்டேன். தன் வகுப்பில் என்ன நடக்கிறது என்று துல்லியமாகத் தெரிந்த ஒரே ஆசிரியர் அவராகத்தான் இருக்க வேண்டும் என்றேன். ஆனால் அறிக்கையில் அது போதாது. மற்ற ஆசிரியர்களைவிடக் குறை என்று எழுத வேண்டும். அதற்கு மற்ற ஆசிரியர் ஒருவரைப் பார்த்தாக வேண்டும். அதே செக்ஷன், அதே பீரியட், அதே பெஞ்ச். மூத்தவர்களில் ஒருவர் பாடம் நடத்திக் காட்டினால், ஷமீமா எந்த அளவுக்குக் குறை என்று அளந்து எழுதிவிடலாம். கைப்பையிலிருந்து பேனாவை எடுத்துக்கொண்டு, "முதல்ல யார் எடுக்கறீங்க சார்?" என்று கேட்டேன்.

துறைத் தலைவர் தன் இடுப்பு வலியைப் பற்றி எங்களிடம் சொல்லியிருக்கவில்லை. அப்போது சொன்னார். அத்தனை மாடி ஏறக் கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகக் கூறியிருக்கிறாராம். டீன் ஜன்னல் வழியாக ஜி.எஸ்.டி. சாலையின் நெரிசலை ஏதோ புதிய காட்சிபோல் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மாணவரின் கை இன்னும் அவர் தோளில் இருந்திருக்க வேண்டும்.

"இதெல்லாம் தேவையா மேடம்?" என்றார் கடைசியில்.

"தேவை என்னன்னு கேக்கறதுதான் சார் என் வேலை."

தேநீர் ஆறுவதற்குள் ஷமீமாவின் பணி உறுதியாயிற்று. அவருக்கு மேலும் பயிற்சி தேவை என்று டீன் தன் கைப்பட ஒரு குறிப்பும் எழுதினார். அதை மதித்து, அடுத்த மாதமே அவரைச் செயற்கை நுண்ணறிவுப் பயிற்சிக்கு அனுப்பி வைத்தார்கள்.

இதைக் கேட்டு, நீதி வென்றது என்று கண்கலங்கிவிட வேண்டாம். ஈ செக்ஷன் முன்னால் நிற்பதற்கான பயம் வென்றது. ஓர் இக்கட்டில் மேலதிகாரியின் மனசாட்சியைத் தட்டுவதற்கு முன்னால், அவர் எதைச் செய்ய விரும்ப மாட்டார் என்று யோசியுங்கள். மனசாட்சி சில சமயம் விடுப்பில் இருக்கும். விருப்பமின்மை எப்போதும் பணியில் இருக்கும்.

ஷமீமா இனிப்போடு வந்தார். நான் என் சாமர்த்தியத்தில் கொஞ்சம் மிதந்துகொண்டிருந்தேன். "வேலை இருக்கு மேடம்," என்றார். "அந்தப் பாதி கிளாஸும் அப்படியே இருக்கு."

அவர் கேட்டது வேலையை அல்ல என்பது எனக்கு மறந்தே போயிருந்தது. வரவிருந்த பயிற்சிகளை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். காப்புரிமை, மன அழுத்த மேலாண்மை, தரமதிப்பீட்டுக்குத் தயாராவது. ஒரு மனிதர் இன்னொரு மனிதருக்கு ஒன்றைப் புரியவைப்பது பற்றி எதுவும் இல்லை. இல்லை என்று சொன்னேன்.

அவர், டீன் சார் உட்கார்ந்த இடத்தில் சரவணன் உட்காரலாமா என்று கேட்டார்.

உங்களில் யாருக்கும் இது பெரிய கேள்வியாகத் தோன்றாது. எங்கள் தலைமுறைக்கு அது கிட்டத்தட்ட ஆபாசம். ஓர் ஆசிரியர் பாடம் நடத்தும்போது இன்னொருவர் உள்ளே போவதில்லை. மார்க்கர் பேனா வாங்கப் போனாலும் வாசலில் நின்று இருமுவோம். கூடாது என்று விதி இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். இல்லை. வழக்கம் மட்டும்தான். வழக்கத்தில் யாரும் கையெழுத்துப் போட்டிருப்பதில்லை, அதனால் அதை மீறுகிறவரை விளக்கம் கேட்கவும் முடியாது. உட்காரட்டும் என்றேன்.

ஒரே நிபந்தனை ஷமீமாவுடையது: நன்றாக இருந்தது என்று சொல்லக் கூடாது.

சரவணன் போய் உட்கார்ந்த மறுநாள், கேன்டீனில் மூவரும் ஒரே மேசையில் இருந்தோம். சரவணன் வடையைப் பிய்த்துக்கொண்டே தீர்ப்பைச் சொன்னார். "பாதி வரைக்கும் எங்களோட பேசற. அப்புறம் போர்டோட பேசப் போயிடற. எங்க மேல எதாவது கோவமான்னு நினைச்சேன்."

ஷமீமா டம்ளரைக் கீழே வைத்தார். "மூஞ்சிங்களைப் பாக்க பயமா இருக்கும் சரவணா. புரியலன்னு தெரிஞ்சிட்டா அப்புறம் என்ன பண்றதுன்னு தெரியாது. அதான் திரும்பிக்குவேன்."

எத்தனையோ நிபுணர்களுக்குப் பொன்னாடை போர்த்தியிருக்கிறேன். ஆசிரியர் ஏன் பலகைப் பக்கம் திரும்புகிறார் என்று அவர்களில் ஒருவரும் சொன்னதில்லை. நானும் திரும்பியிருக்கிறேன். கணிதத்தில் அதற்கு வாய்ப்பு நிறைய.

அடுத்த வாரம் சரவணனின் வகுப்பில் ஷமீமா உட்கார்ந்தார். முன்வரிசையில் தலையாட்டும் இரண்டு பேருக்கு மட்டும் பாடம் எடுக்கிறாய், மீதிப் பேருக்கு உன் காது மட்டும்தான் தெரிகிறது என்று சொல்லியிருக்கிறார். சரவணன் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் போய், சரி, இன்னொரு தடவை வந்து பார் என்றாராம்.

அற்புதம் எதுவும் நடக்கவில்லை. ஷமீமா சமன்பாட்டைப் பாதியில் நிறுத்தித் திரும்பப் பழகினார். அடுத்த வரி என்னவாக இருக்கும், தமிழிலேயே சொல்லுங்கள் என்று கேட்கப் பழகினார். முதலில் யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு தப்பாகச் சொன்னார்கள். தப்பாகச் சொல்ல ஒருவர் விழித்திருக்க வேண்டும் அல்லவா? ஈ செக்ஷன் முழுக்க எழுந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். கொஞ்சம் பேர், கொஞ்சம் கூடுதலான நேரம். வருடக்கணக்காக நான் நடத்திய பயிற்சிகளின் மொத்த விளைச்சலைவிட அது அதிகம்.

விஷயம் பரவியது. இளையவர்கள் சிலர் ஒருவர் வகுப்பில் ஒருவர் போய் உட்கார ஆரம்பித்தார்கள். டீன் காதுக்கும் போயிற்று. மிகவும் மகிழ்ந்தார். அதற்கு ஒரு பெயர் வைத்து, தொடக்க விழா நடத்தி, மதிப்பெண் படிவம் தயாரித்து, பார்ப்பவருக்கும் பார்க்கப்படுபவருக்கும் சான்றிதழ் கொடுத்துவிடலாம், தரமதிப்பீட்டுக் குழு வரும்போது காட்டலாம் என்றார். திட்டத்தை எழுதித் தரும்படி என்னிடம் சொன்னார்.

இங்கேதான் நடைமுறை தெரிந்திருப்பதன் பயன். மதிப்பெண் வந்துவிட்டால், முகத்தைப் பார்க்க பயம் என்று கேன்டீனில் யாரும் சொல்ல மாட்டார்கள். நன்றாக இருந்தது என்பார்கள். சமோசா வரும். எனவே நான் உற்சாகமாகச் சம்மதித்து, இவ்வளவு முக்கியமான திட்டத்தை அவசரத்தில் செய்யக் கூடாது, ஒரு துணைக்குழு அமைக்கலாம் என்று பரிந்துரைத்தேன். எல்லாத் துறைத் தலைவர்களையும் அதில் உறுப்பினராக்கினேன். அனைவரும் வந்தால்தான் கூட்டம் செல்லும் என்று விதியும் எழுதினேன். ஒன்றைக் கொல்ல வேண்டுமானால் அதற்குத் தொடக்க விழா நடத்துங்கள். காப்பாற்ற வேண்டுமானால் துணைக்குழுவுக்கு அனுப்புங்கள். அந்தத் துணைக்குழு இன்றுவரை கூடவில்லை.

ஓய்வுபெறுவதற்கு முன் நான் ஏற்பாடு செய்த கடைசிப் பயிலரங்கத்துக்கு அதே விருந்தினர் வந்தார். அதே தலைப்பு, அதே படங்கள். மாலையில் அதே கேள்வி: "சொல்லுங்க, உங்களுக்கு இன்னும் என்ன வேணும்?"

அரங்கம் முழுவதும் திரும்பிப் பின்வரிசையைப் பார்த்தது. டீன் ஒலிபெருக்கிக்காரரைப் பார்த்தார். நாட்டுப்பண்ணை அவசரப்பட்டுப் போட வேண்டாம் என்று நான் ஒலிபெருக்கிக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தேன், அதனால் அவர் மேற்கூரையைப் பார்த்தார். ஷமீமா எழுந்தார்.

"நீங்க சொன்னது எல்லாம் நல்லா இருந்தது சார். நாளைக்கு மத்தியானம் எங்க ஈ செக்ஷனுக்கு ஒரு கிளாஸ் எடுத்துக் காட்டுங்க. நாங்க பின்னாடி உக்காந்து பாக்கறோம்."

"நானும் வரேன் சார்," என்று பக்கத்தில் சரவணன் எழுந்தார். அவர்களுக்குப் பின்னால் இன்னும் சிலர் எழுந்தார்கள்.

விருந்தினருக்கு அன்று மாலையே ரயில் இருந்தது. தாம்பரத்தில் அந்த ஒரு வசதி உண்டு: யார் கேட்டாலும், எப்போது கேட்டாலும், ஒரு ரயில் இருக்கும்.

பிறகு நாட்டுப்பண் ஒலித்தது. முன்வரிசைகள் அவசரமாக எழுந்தன. பின்வரிசைக்காரர்கள் எழ வேண்டியிருக்கவில்லை. அவர்கள் முன்பே நின்றுகொண்டிருந்தார்கள்.